உப்புத் தரைக் காருக்கு ஒரு கூடு

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் சொக்லேட் வாசம் வரும். கோடாலித் தைலம் இருக்கும், சென்ட் போத்தல் இருக்கும், யாருடைய காலுக்கும் அளவில்லாத ஒரு சோடிச் சப்பாத்து இருக்கும். என் தங்கச்சி பெட்டியைத் திறந்தபோது மேலே கிடந்தவை கறுப்புப் பட்டிகள். உழவு இயந்திரத்தைக் கட்டி இழுக்கலாம், அவ்வளவு தடிப்பு. எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஏழும் நடுவில் ஒரே பூட்டில் வந்து சேர்ந்தன.

“இதென்னடி, யானை கட்டுறதோ?”

“இல்லை அக்கா. என்னைக் கட்டுறது.”

நான் தர்மபுரத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கேற், ஜன்னல் கிறில், உழவு இயந்திரப் பெட்டி, கோழிக்கூடு, எது கேட்டாலும் செய்வேன். சண்டை முடிந்து மீள்குடியேறிய காலத்தில் பெண்களுக்குத் தையலும் கேக் ஐசிங்கும் பழக்கினார்கள். அந்த இரண்டுக்கும் வேண்டிய பொறுமை என்னிடம் இல்லை. ஆண்களின் வரிசையில் போய் நின்று வெல்டிங்குக்குப் பெயர் கொடுத்தேன். தங்கச்சி எனக்கு ஏழு வயது இளையவள். மாமா கூப்பிட்டு அவுஸ்திரேலியாவில் பொறியியல் படிக்கிறாள். அங்கே அவளோடு படிக்கிற பிள்ளைகளும் வேலையிலிருந்து இளைப்பாறிய மெக்கானிக்மார் சிலரும் சேர்ந்து ஒரு கார் கட்டுகிறார்கள். வீதியில் ஓடுகிற கார் இல்லை. வற்றிய உப்பு ஏரி ஒன்றில், ஒரு வளைவும் இல்லாமல், நேராக, எவ்வளவு வேகம் போகிறது என்று பார்ப்பதற்கு மட்டும். பக்கத்தில் வேறு கார் வராது.

“பின்னை ஆரோடை போட்டி?” என்று கேட்டேன்.

“மணிக்கூட்டோடை.”

போனில் படம் காட்டினாள். வானம் தொடும் இடம்வரை வெள்ளை. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்துப் பழகிய எனக்கே வாய் மூடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “உதுக்கேன் அவ்வளவு தூரம்? ஆனையிறவிலை விட்டிருக்கலாமே” என்றேன். “விட்டால் பிரேக் பிடிக்க முன்னம் நாவற்குழிக் கடலுக்கைதான் போய் நிப்பன்” என்றாள்.

கார் பாம்புபோல நீளம், பாம்புபோல ஒடுக்கம். அதற்குள் நுழையக்கூடிய அளவில் அந்தக் கூட்டத்தில் இருந்தவள் என் தங்கச்சி ஒருத்திதான், ஆகவே ஓட்டப்போகிறவளும் அவள்தான். வளர வேண்டிய வயதில் கஞ்சி குடித்து வளர்த்தி நின்றுபோனவளுக்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று யார் கண்டது?

அவளுக்கு ஐந்து வாரம் விடுமுறை. ஓட்டுகிறவர் இருக்கும் கூட்டை உண்மையாகப் பொருத்துவது அங்கேதான், அதற்கென்று பரீட்சை எழுதிய வெல்டர் இருக்கிறார். ஆனால் நல்ல உருக்குக் குழாயை வெட்டுவதற்கு முன்னால் முழங்கால் எங்கே வரும், முழங்கை எங்கே இடிக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு முழு அளவில் ஒரு மாதிரிக் கூடு வேண்டும். ஆள் இங்கே நிற்கிறாள், அக்காவின் கடையும் இங்கே இருக்கிறது. அம்மாவுக்குப் படிப்புக்கான ஏதோ மொடல் என்று சொன்னோம். பொய் என்றும் சொல்ல முடியாது.

சாதாரணத் தண்ணீர்ப் பைப்பை வளைத்துத்தான் கட்டினேன். முதல் நாளே மானம் போனது. மேல் மூடிக்குக் கொண்டியை வெளியில் வைத்துவிட்டேன். கேற் செய்கிறவளின் கை அப்படித்தான் போகும். தங்கச்சி உள்ளே படுத்துக்கொண்டு, “நான் உள்ளுக்கு இருந்து என்னெண்டு திறக்கிறது? கோழி எண்டு நினைச்சியோ?” என்றாள். உள்ளேயிருந்தும் திறக்க வேண்டும், வெளியிலிருந்து காப்பாற்ற வருகிறவரும் திறக்க வேண்டும். அப்படி ஒரு கொண்டியை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. வெட்டி, உருக்கி, நாலாம் தடவைதான் சரிவந்தது.

அவளிடம் விதிப் புத்தகம் ஒன்று போனில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். கார் உருண்டால் ஓட்டுகிறவரின் கை வெளியே வீசுப்படக் கூடாது, ஆகவே இரண்டு கைகளிலிருந்தும் பூட்டுக்கு ஒவ்வொரு பட்டி. தலை பக்கத்துக்குச் சாயக் கூடாது, ஆகவே இரண்டு காதுப் பக்கமும் மெத்தை வைத்த சுவர். எஞ்சினுக்கும் முதுகுக்கும் நடுவில் நெருப்புத் தாண்டாத தகடு. தலைகீழானால் நசுங்காத வளைவு, அந்த வளைவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இடைவெளி, அந்த இடைவெளி எவ்வளவு என்று ஒரு வரி.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் அடிபட்டிருக்க வேண்டும். அதைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல் உட்கார்ந்து யோசித்து, அடுத்தவருக்கு அது நடக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்காக. அதுவும் தானே விரும்பிப் போய் ஏறுகிற ஒரு ஆளுக்காக! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாங்கள் பனங்குற்றியாலும் சேலையில் தைத்த மண்மூட்டையாலும் பங்கர் கட்டியவர்கள். அம்மாவின் கூறைச் சேலையும் ஒரு மூட்டையாகித்தான் போனது. எங்கள் தலைக்கும் பனங்குற்றிக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதியிருக்கவில்லை. பொறாமை என்று சொல்ல மாட்டேன். கோயில் கோபுரத்தை முதன்முதல் கிட்ட நின்று பார்த்த பிள்ளைபோல நின்றேன், அவ்வளவுதான்.

இருக்கைக்கு எதிர்க்கடை நானாவைப் பிடித்தோம். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், ஓட்டோவுக்கும் உழவு இயந்திரத்துக்கும் சீற் தைப்பவர். உடம்பின் அச்சு அப்படியே வேண்டும், ஓர் அங்குலமும் ஆடக் கூடாது என்றாள் தங்கச்சி. நானா தாடியைத் தடவினார். மில்லுக்குப் போய் உமி அள்ளிக்கொண்டு வந்து பெரிய பையில் அடைத்து, கூட்டுக்குள் வைத்து, “ஏறிப் படுங்க புள்ள, மூச்சை விட்டுப்போட்டு அசையாம கிடங்க” என்றார். கால் மணித்தியாலம் கழித்து அவளை மெல்லத் தூக்கினோம். உமியில் என் தங்கச்சி கிடந்தாள். தோள்பட்டை இரண்டும், முதுகெலும்பு போன பள்ளமும், இடுப்பும். இவ்வளவுதானா இவள் என்று இருந்தது. இந்த ஒரு பள்ளத்தைச் சுற்றித்தான் அந்தக் கார் முழுவதும், அந்த வேகம் முழுவதும் என்று நினைத்தபோது உடம்பு புல்லரித்தது. நானா பள்ளத்தின் விளிம்பில் அட்டையைப் பிடித்துக் கோடு போட்டார். பிறகு அட்டையை வெட்டி அச்செடுத்தார்.

கூடு முடிந்தது. ஒன்றுதான் மிச்சம். விபத்து நடந்தால் ஓட்டுகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் அரை நிமிடத்துக்குள் வெளியே வர முடியும் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காரில் ஏற்ற மாட்டோம் என்று அவளுடைய ஆட்கள் சொல்லியிருந்தார்கள். எஞ்சினுக்குப் போகிற எண்ணெயை நிறுத்த வேண்டும், பூட்டைத் திருக வேண்டும், ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், வெளியே வர வேண்டும். என் வெல்டிங் கையுறையையும் தோல் கோட்டையும் ஸ்கூட்டர் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய ஏறி இறங்கினாள். நானா போனில் நேரம் பிடித்தார். பத்தொன்பது செக்கனில் வந்தாள். மூவரும் சோடா குடித்தோம்.

“இனிக் கண்ணைக் கட்டிப் பாப்பம். புகை எண்டா ஒண்டும் தெரியாதெல்லோ. எப்ப எண்டு எனக்குச் சொல்லாமல் நீ ஏதும் சத்தம் போடு அக்கா.”

கண்ணைக் கட்டி, ஏழு பட்டியும் இறுக்கி, மூடியை மூடினேன். கொஞ்ச நேரம் விட்டு, பெரிய சுத்தியலால் வெறும் தகரப் பரலில் ஓங்கி அடித்தேன்.

அவள் வெளியே வரவில்லை. தலை குனிந்து நாடி நெஞ்சுக்குள் போனது. கைகள் பட்டி விட்ட அளவுக்குக் காதுகளை நோக்கிப் போயின. ஹெல்மெட்டுக்குள் வாய் ஆவென்று திறந்திருந்தது. ஷெல் விழும்போது காது கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்வார்கள். அதையெல்லாம் நான் பார்த்தது தரையிலிருந்து. அடித்தவள் நான், அப்படியிருந்தும் வேலை மேசைக்கு அடியில் குந்தியிருந்தேன். முஸ்லிம்களை இங்கிருந்து வெளியேற்றியபின் நானாவின் குடும்பம் புத்தளத்தில் இருந்தது, அவர் ஷெல்லுக்குள் இருந்ததில்லை. அவர் மட்டும் போனைப் பிடித்தபடி நின்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஒரு நிமிசம் தாண்டிட்டு புள்ள” என்றார் மெதுவாக.

மூன்று நாள் முயன்றோம். சத்தம் கேட்டால் அவள் தனக்குள் சுருண்டாள். சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தும் சுருண்டாள். அழுதாள், பைப்பைக் காலால் உதைத்தாள், தன்னையே ஏசினாள். நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இவள் தோற்றால் ஏற மாட்டாள். ஏறாவிட்டால் உயிரோடு இருப்பாள். ஷெல்லுக்குத் தப்பியவளை உப்புத் தரையில் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு என்ன விசரா?

“உனக்கு உது சரிவராது. விட்டிட்டுப் படிப்பைப் பார்” என்றேன்.

கூட்டுக்குள் இருந்தபடியே என்னைப் பார்த்தாள்.

“நீதானே அக்கா சொன்னனீ, நான் சொல்லும்மட்டும் எழும்பக் கூடாது எண்டு.”

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். கடைசிச் சண்டை நேரம் எனக்குப் பதினைந்து, அவளுக்கு எட்டு. அம்மா கஞ்சி வரிசைக்குப் போகும்போது அவளை என்னிடம் விட்டுப் போவார். நான் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு நாளும் அதையே சொல்வேன். சத்தம் கேட்டால் கீழே போ. நான் சொல்லும்மட்டும் எழும்பாதே. என்னை மீறி ஒரு நாளும் அவள் எழும்பியதில்லை. அதனால்தான் இருக்கிறாள். கடைசி நாளில் முகம் தெரியாத ஓர் அண்ணன் பங்கருக்குள் கைவிட்டு எங்கள் இருவரையும் இழுத்து வெளியில் விட்டார். சனத்தோடு சனமாக நடந்தோம். எழும்பு என்று நான் சொல்லவே இல்லை.

சொல்லாத சொல் இத்தனை வருடமாக அவளுக்குள் காவல் இருந்திருக்கிறது. ஒரு எட்டு வயதுப் பிள்ளை அக்காவை இப்படி நம்புமா? அதை நினைக்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு சொல்தானே, சொல்லிவிட்டுப் போகலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அதைச் சொன்னால் அவள் ஏறிவிடுவாள். அன்று நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலையில் போனபோது எனக்கு முன்னாலேயே மற்றச் சாவியோடு வந்து, கோட்டும் கையுறையும் போட்டு, கூட்டுக்குள் ஏறிப் படுத்திருந்தாள். பட்டி கட்ட ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தாள். இவள் ஏறத்தான் போகிறாள், நான் சொன்னாலும் ஏறுவாள், சொல்லாவிட்டாலும் எங்கேயாவது ஏறுவாள். சொல்லாமல் விட்டால், விபத்து வரும்போது உள்ளேயே இருந்துவிடுவாள். அது எனக்கு அந்த வாசலில் நின்றபோதுதான் விளங்கியது.

ஒவ்வொரு பட்டியாக இறுக்கினேன். கண்ணைக் கட்டினேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டி, அதை இரண்டு கையாலும் பிடித்தேன்.

“இஞ்சை கேள். இனிமேல் சத்தம் கேட்டா வெளியிலை வரோணும். நான் சொல்லும்மட்டும் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அங்கை நான் இருக்கமாட்டன். நீயா வரோணும். விளங்கிச்சோ?”

“ஓம் அக்கா.”

எட்டு வயதுக் குரலில்தான் சொன்னாள்.

நானாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன், என்னால் அடிக்க முடியவில்லை. நாடி கீழே போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வலது கை மட்டும் தடவித் தடவி வந்தது. எண்ணெய். பூட்டு. ஏழு பட்டியும் ஒரே நேரத்தில் பூப்போல விழுந்தன. ஸ்டியரிங். நாலு தடவை வெட்டிச் செய்த என் கொண்டி. ஐம்பத்திரண்டு செக்கன். கண்கட்டோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், தோல் கோட்டு நெருப்பாய்ச் சுட்டது. அவள் திரும்பிப் போவதற்குள் அது இருபத்திரண்டாகக் குறைந்தது.

போன மாதம் அங்கே உண்மையான கூட்டில் பரீட்சை நடந்தது. காணொளி அனுப்பினாள். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இரும்புத் தகட்டில் அடிக்கிறார். மூடி திறக்கிறது, என் தங்கச்சி வெளியே வந்து கையைத் தூக்குகிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அடிப்பதற்கு முன் ஹெல்மெட்டுக்குள் அவள் வாய் அசைவதைக் கண்டு, என்னடி சொன்னாய் என்று கேட்டேன். “நீ சொன்னதைத்தான்” என்று பதில் வந்தது. அடுத்த வறட்சிக்கு ஏரி காய்ந்ததும் ஓடுவாள்.

மாதிரிக் கூடு கடை மூலையில் நிற்கிறது. பழைய இரும்புக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. நேற்று அதன் பக்கத்தில் கேற் ஒன்றுக்குப் பூச்சடித்துக்கொண்டிருந்தேன். மணல் ஏற்றிப்போன ரிப்பர் லொறி ஒன்றின் ரயர், கடை வாசலிலேயே வெடித்தது. வழக்கப்படி அந்தச் சத்தத்துக்கு நான் மேசைக்கு அடியில்தான் இருந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தால் பூச்சுத் தூரிகையோடு வீதி ஓரத்தில், நல்ல வெயிலில் நிற்கிறேன். எதிர்க்கடையில் நானா தையல் மெஷினில் இருந்து எழும்பி வந்து என்னைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கத்தினார்.

“நாலே செக்கன் புள்ள!”