P என்றால் பெண் என்று நினைத்தேன்

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நெய்வேலி நகரியத்தில் ஒரு பிளாக்கில் இருக்கும் ஊழியர் மன்றத்துக் கூடத்தில் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி. அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை தானாக மடங்கிக்கொள்கிறது.

நான் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கரி போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது என் வேலை. பதினாலு வருடமாக அதுதான். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. படிப்பு அஞ்சாவது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் அடையாளம் தெரியும்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். கையில் எது கிடைத்தாலும் படம் போடுவாள். கேஸ் புத்தகத்து அட்டையைக்கூட விட்டு வைக்கவில்லை. ஞாயிறுதோறும் மன்றத்தில் ஓவிய வகுப்பு என்று உள்ளூர்ச் செய்தி போடுகிற வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. நான் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து அப்படியே மன்றத்துக்குப் போனேன். ஃபாரம் கொடுத்தார்கள். பெயர், வயது, வகுப்பு, முகவரி எல்லாம் தமிழில் இருந்தது. பிள்ளையின் பெயருக்கு நேரே மட்டும் ரெண்டு சின்னக் கட்டம். ஒன்றில் P. ஒன்றில் C. எனக்குப் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. P என்றால் பெண். C என்றால் சிறுவன். என்னுடையது பெண். P-யில் டிக் போட்டேன். பக்கத்தில் ஒரு அம்மா எழுதிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். கையெழுத்துப் போடும்போது கட்டைவிரலில் இருந்த கரி காகிதத்தில் அப்பிவிட்டது. துடைத்தேன். இன்னும் பரவியது.

இடம் கிடைத்தது. மகள் ஒரு வாரம்கூட விடாமல் போனாள். சொல்லிக் கொடுத்த டீச்சர் நல்லவர். அதட்ட மாட்டார்.

கண்காட்சிக்கு என்ன படம் போடுவது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் சோறு தின்னும்போது மட்டும், பெல்ட்டுக்கு அடியில் உருளை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டாள். தட்டிலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அதை வைத்தே போட்டிருந்தாள். மேலே பெல்ட். கீழே குனிந்து அள்ளுகிற ஒரு ஆள். முகம் இல்லை, முதுகுதான். சட்டையில் வேர்வை காய்ந்து வெள்ளையாகத் தெரிகிற உப்புக் கோட்டைக்கூட விடவில்லை. என் முதுகு எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை அந்தப் படத்தையே குரூப்பில் செய்தியாகப் போட்டார்கள். ‘நமது ஊழியர் மகளின் ஓவியம், அனைவரும் வருக’ என்று அவள் பெயரும் போட்டிருந்தது. என் மனைவி அதை யார் யாருக்கோ அனுப்பினாள். என் செக்‌ஷனில் இருக்கிற ஒரு பெர்மனென்ட் ஆளும் அதைப் பார்த்திருக்கிறார். இவன் கான்ட்ராக்ட் ஆளாச்சே என்று மன்றத்துக்குப் போன் போட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை நானும் மகளும் போனோம். சுவர் முழுக்கப் படம். அவள் படம் இருந்த இடத்தில் நாலு டேப் துண்டுதான் இருந்தது. அடியில் பெயர்ச்சீட்டு மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது.

மன்றத்துச் செயலாளர் கூட்டத்துக்கு நடுவிலேயே என்னைக் கூப்பிட்டார். அவர் பெர்மனென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கையில் என் ஃபாரம். அதில் அப்பியிருந்த என் கரி விரலை நான் தூரத்திலேயே கண்டுகொண்டேன்.

“ஏம்பா, நீ கான்ட்ராக்ட்தானே?”

“ஆமாங்க.”

“அப்புறம் ஃபாரத்துல பெர்மனென்ட்னு போட்டிருக்கே?”

“நான் அப்டி எழுதலீங்க.”

“இது உன் கைதானே? P-ன்னா பெர்மனென்ட், C-ன்னா கான்ட்ராக்ட். பெர்மனென்ட் பிள்ளைங்க சேர்ந்தது போக மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு. பொய் எழுதி ஒரு பிள்ளை இடத்தை எடுத்துக்கிட்டியே, நியாயமா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளதைச் சொன்னேன்.

“P-ன்னா பெண்ணுன்னு நெனச்சிக்கினேங்க. C-ன்னா சிறுவன்.”

கூடமே சிரித்தது.

“அப்ப M-ன்னா மாடாய்யா?” என்றார் ஒருவர்.

எனக்கு எதிராகப் போன் போட்ட ஆளும் அங்கேதான் நின்றிருந்தார். “பதினாலு வருஷமா கேட்டு ஆவாத பெர்மனென்ட்டு, ஒரு டிக்குல ஆயிட்டான் பாரு” என்றார். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நெசமாவே உனக்குத் தெரியாதாப்பா?” என்று கேட்டாள். அவளும் சந்தேகப்பட்டாள். தெரியும் என்றால் அப்பன் பொய்யன். தெரியாது என்றால் அப்பன் முட்டாள். அத்தனை பேர் முன்னால் ரெண்டில் ஒன்றை நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

“தெரியாது பாப்பா” என்றேன்.

அவள் சட்டையை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “சார், எல்லா ஃபாரத்தையும் கொண்டாங்க” என்றார்.

“எதுக்கு டீச்சர் இப்போ?”

“கொண்டாங்க சார்.”

ஃபைல் வந்தது. டீச்சர் முன்பே பார்த்திருப்பார் போல, புரட்டி ஒரு ஃபாரத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். அதே பிளாக்கில் குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒரு பெர்மனென்ட் வீட்டுப் பையனுடையது. அதில் டிக் C-யில் இருந்தது. அதைச் சிவப்பு மையில் அடித்து, P-யில் வேறு டிக் போட்டு, பக்கத்தில் செயலாளரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“இது என்ன சார்?”

“அது அவங்க வீட்டம்மா தெரியாம போட்டது டீச்சர். C-ன்னா சிறுவன்னு நெனச்சு...” என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

சிரிப்பு நின்றது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு வாயில் வந்தது. “அந்தம்மா சொன்னப்பவும் இப்டித்தான் சிரிச்சீங்களா சார்?”

அவர் ஃபைலை மூடினார். “சரிப்பா, விடு. பெருசு பண்ணாதே. படத்தை மாட்டிடலாம்.”

“படம் அப்பறம். பொய்யின்னு சொன்னீங்க இல்ல? அது இல்லன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லுங்க.”

அவர் போனைப் பார்த்துக்கொண்டே, “ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டோம்மா” என்றார்.

“அவ இந்தப் பக்கம் நிக்கிறா சார்.”

அந்தக் குரல் எனக்கே புதிது. அவர் திரும்பினார். என் மகளைப் பார்த்து, “உங்கப்பா பொய் எழுதலம்மா” என்றார். கூட்டமே கேட்டது. போன் போட்ட ஆள் மட்டும் அதற்குள் டீ குடிக்க வெளியே போய்விட்டார். அவரை அன்றைக்கு விட்டது இன்னும் எனக்குக் குறைதான்.

படம் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அவசரமாகப் பிய்த்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. டீச்சர் ஒட்டப் போனார். மகள் வாங்கித் தானே ஒட்டினாள். பெயர்ச்சீட்டில் ‘ஊழியர் மகள்’ என்று அச்சடித்திருந்தது. டீச்சரிடம் பேனா வாங்கி அதற்கு முன்னால் ‘கான்ட்ராக்ட்’ என்று பெரிதாக எழுதினாள். நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. எழுதி முடித்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

இந்த வருடம் ஃபாரத்தை அவளே நிரப்பினாள். கட்டம் அப்படியேதான் இருக்கிறது. C-யில் டிக் போட்டாள். மிச்ச இடம் இல்லை என்றார்கள். வீட்டிலேயே படம் போடுகிறாள்.

எந்த ஃபாரம் வந்தாலும் இப்போது நான் கேட்டுவிடுகிறேன். அஞ்சாவதுதான் படித்தேன், இது என்ன எழுத்து என்று கேட்க எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளவும் எனக்கு விருப்பம் இல்லை. ஒரே தப்பை அந்த வீட்டில் செய்தால் தெரியாமல் செய்தது, என் வீட்டில் செய்தால் பொய். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில், கிழிந்த மூலையோடு இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நான் பெர்மனென்ட் ஆவேனோ மாட்டேனோ தெரியாது. ஆனால் அப்பன் பொய் எழுதவில்லை என்று என் மகளுக்குத் தெரியும், அதை எந்தச் சிவப்பு மையாலும் அடித்து எழுத முடியாது.