சாய முட்டை

முட்டை வாங்க வந்தவர் ஈர விரலால் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தார். கரும்பழுப்பு லேசாக விரலில் ஒட்டியது. "இன்னா சார், சாயமா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. சின்ன வயதில், ஆம்பூரில் எங்கள் தெருக் கடைக்காரர் இதையேதான் முட்டை விற்கப் போன அம்மாவிடம் கேட்டார்.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் கையே பழுப்பாகியிருந்தது. முட்டையையும் அதில்தான் முக்கியெடுக்கிறோம் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. அம்மாவோ ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே கருத்த முட்டைகளை மட்டும் அடைவைத்து, அந்த நிறத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

மறுநாள் காலை, முட்டையிடத் தவித்த கோழியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனாள். கூடவே கொண்டுபோன கூடையில் ஒன்றுமில்லை என்று கடைக்காரரே தடவிப் பார்த்துக்கொண்டார். கோழியை அதில் உட்காரவைத்து, அப்பாவின் துண்டால் மூடினாள்.

"இது போடுற வரைக்கும் நான் நகர மாட்டேண்ணா. நீங்களும் நகராதீங்க."

தெருவே கூடிவிட்டது. வியாபாரம் நின்றுபோனது. கடைசியில் கோழி கொக்கரித்தது. துண்டை விலக்கினால், பழம்புளி நிறத்தில் ஈரம் பளபளக்க ஒரு முட்டை! கடைக்காரர் தொட்டார். சுட்டது. விரலில் நிறமும் ஒட்டியது.

அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கோழி வயித்துக்குள்ள பட்டைத் தண்ணி ஊத்துனது யாருன்னு இப்ப சொல்லுங்க!"

அந்தக் கோழியின் வம்சம்தான் இன்று என்னிடம் இருப்பது. கூண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். வந்தவருக்கு அதைக் காட்டினேன்.

"உக்காருங்க சார். இப்ப போடும்."