உட்பக்கம் பார்த்து வாங்கிய ஜக்கெட்

இங்கிரிட் என்ற பெயரைக் கண்ட கணத்திலேயே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில், சீருடை இல்லாமல் கலர் உடுப்பில் வர விட்டிருந்த ஒரு நாள். என் பக்கத்து வாங்கில் இருப்பவள் கொட்டாஞ்சேனைக்காரி. அவளுடைய நீலக் கவுணின் கழுத்துக்குள் தைத்திருந்த துணிப் பட்டி வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே தள்ளிவிடப் போனவள் நின்றுவிட்டேன். பட்டியில், கழுவிக் கழுவி மங்கிப்போன மையில், யாரோ ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தார்கள்.

“ஆரடி இங்கிரிட்?”

“யாருக்குத் தெரியும்? கவுணோட வந்தவ” என்றாள் அவள், கொஞ்சமும் வெட்கப்படாமல். “வெளிநாட்டுல உடுத்துக் கழிக்கிறத கப்பல்ல பேல் பேலா கட்டி அனுப்புறாங்க. புறக்கோட்டைக்குப் போ, நடைபாதையில மலை மாதிரி கிடக்கும். எங்க வீட்ல எல்லாருக்கும் அங்கதான்.”

எனக்குத் தலை சுற்றியது. நான் பார்த்தேயிராத ஒரு நாட்டில் இங்கிரிட் என்றொருத்தி வளர்ந்து, கவுண் கட்டையாகி, அது கடல் தாண்டி வந்து எங்கள் வகுப்பில் கணக்குப் படிக்கிறது! அன்று இடைவேளை முழுவதும் அவளைக் குடைந்தெடுத்தேன். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எப்படிப் பேரம் பேசுவது. அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

“வெளிப்பக்கத்தப் பார்க்காத. வெளிய எல்லாமே ஷோக்காத்தான் இருக்கும். உள்ள புரட்டிப் பாரு. தையல், கக்கம், கழுத்து. உள்ள நல்லா இருந்தா கண்ண மூடிட்டு எடு.”

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். வினையும் அதனால்தான் வந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து அப்போது இரண்டு வருடம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், வேறொருவர் வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான். வெளியே போட அவனிடம் இரண்டு சேட்டுகள் இருந்தன. ஒன்றைத் துவைத்தால் மற்றதுதான் கதி. அவன் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. சண்டைக் காலம், அதனால் வெளியே புறப்படும் ஒவ்வொரு முறையும் அம்மா, “அட்டை எடுத்தனியோ? பொலிஸ் பதிவுத் துண்டு?” என்று கேட்பா. சாப்பிட்டாயா என்று கேட்பதைவிட அதிகமாக அதைத்தான் கேட்டிருப்பா. எனக்கு அதெல்லாம் குடை எடுத்தாயா என்பது மாதிரியான கேள்வி. அடுத்த மாதம் அண்ணாவுக்குப் பிறந்தநாள், அவனை ஒரு வெளிநாட்டு ஜக்கெட்டோடு இந்த ஒழுங்கையில் நடக்கவிட வேண்டும் என்பதுதான் என் கவலை முழுவதும்.

சித்திரக் கொப்பி வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் பொய் சொல்லி, சனிக்கிழமை அண்ணாவைப் புறக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கொட்டாஞ்சேனைக்காரி சொன்னதற்கு மேலாகவே இருந்தது. ஒரு முதலாளி பேலின் கட்டைக் கத்தியால் அறுக்க, அழுத்தி அடைத்திருந்த உடுப்புகள் பெருமூச்சு விட்டதுபோல் பொங்கி வழிந்தன. நாலு பக்கத்திலிருந்தும் கைகள் பாய்ந்தன. நானும் பாய்ந்தேன். பாச்சாக்குண்டு வாசனை, தெரியாத நாட்டுச் சவர்க்காரத்தின் வாசனை. அண்ணா நாலு கடை தள்ளி, மணிக்கூட்டுக் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி, என்னைப் பெற்றவர்களையே தெரியாதவன் போல் நின்றான்.

ஜக்கெட்டுகளை அந்த முதலாளி உட்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டித்தான் கம்பியில் கொழுவியிருந்தான். தன் சாமானில் கிழிசல் இல்லையென்று காட்டும் வழக்கம் அது. கபில நிற உட்துணியுடைய ஒன்று என் கையில் பட்டது. கனம் என்றால் அப்படியொரு கனம். தையல் பார்த்தேன். கக்கம் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். கழுத்து பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. தூரத்தில் நின்ற அண்ணாவின் தோளுக்கு நேராக அதைக் காற்றில் விரித்துப் பிடித்து அளவும் பார்த்துவிட்டேன். அந்த நேரம் மழை பொட்டுப் பொட்டென்று விழத் தொடங்க, முதலாளி எல்லாவற்றையும் பொலித்தீனால் மூட ஓடினான். நான் கேட்ட விலைக்கே சம்மதித்து, ஜக்கெட்டைப் புரட்டிய கோலத்திலேயே சொப்பிங் பையில் திணித்துத் தந்தான்.

சொன்ன பொய்க்காக ஒரு சித்திரக் கொப்பியும் வாங்கிப் பையில் போட்டபின், வெற்றியைக் கொண்டாட அண்ணா விளாம்பழ ஜூஸ் வாங்கித் தந்தான். இரண்டு கிளாஸ் குடித்தேன்.

வெள்ளவத்தை பஸ்ஸில் பின்பக்கம் இரண்டு இருக்கை கிடைத்தது. மழை அதற்குள் ஏமாற்றிவிட்டுப் போய், வெயில் முன்பைவிடக் கொடூரமாக எறித்தது. என்னால் பொறுக்க முடியுமா? கொள்ளுப்பிட்டி நெருங்கும்போது பையிலிருந்து ஜக்கெட்டை எடுத்து, ஒரு கையை மட்டும் சரியான பக்கத்துக்குப் புரட்டினேன்.

பச்சை. அதன்மேல் கரும்பச்சை, கபிலம், கறுப்பு. இலைகளைக் கொட்டிவிட்டாற்போல் திட்டுத் திட்டாக. எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது. “அண்ணா, இஞ்சை பாரன், காடு மாதிரி!” என்றேன், உரத்து.

அண்ணா திரும்பினான். அவன் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. முன் இருக்கையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கிழவர் ஒரு தடவை பார்த்தார். பத்திரிகையை நாலாக மடித்தார், எழுந்து முன்னுக்குப் போய்விட்டார். பக்கத்து இருக்கைப் பெண் தன் பிள்ளையை மடிக்கு மாற்றினாள். ஆமிக்காரர் போடும் துணி, மற்றவர்கள் வைத்திருந்தாலே பிடிப்பார்கள். ஒவ்வொரு சந்தியிலும் நான் பார்க்கிற துணி. அதுதான் இது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“உள்ளுக்கு வை.” அண்ணாவின் உதடு அசையவில்லை.

“நான் உட்பக்கம்தான் பாத்தனான். உள்ளுக்குக் கபிலம்…”

“கத்தாதை. மெல்லமாக் கதை.”

“யன்னலால எறிவமா?”

“எறிஞ்சா? வெளியிலை பார்.”

வெளியே மணல் மூட்டைகளும் துப்பாக்கிகளும் கடந்து போயின.

“சீற்றுக்குக் கீழை வைச்சிட்டு இறங்குவம்.”

அவன் கண்ணால் மேலே காட்டினான். சாரதியின் தலைக்கு மேல் மூன்று மொழியில் எழுதியிருந்தது: உங்கள் இருக்கையின் கீழே உரிமையாளர் இல்லாத பொதிகள் உள்ளனவா எனப் பாருங்கள். “விட்டிட்டுப் போனா குண்டெண்டு சொல்லி முழு பஸ்ஸும் எங்களைத்தான் காட்டும்” என்றான். வைத்திருக்கவும் முடியாது, எறியவும் முடியாது, விட்டுப்போகவும் முடியாது. பை என் மடியில் உயிருள்ள எதுவோ போல் சூடாக இருந்தது.

அப்போது பஸ் மெதுவாகியது. கொண்டக்டர் உள்ளே பார்த்துச் சிங்களத்தில் கத்தினான்: எல்லோரும் இறங்குங்கள், செக்கிங்.

“போடு” என்றான் அண்ணா.

“என்னத்தை?”

“அதை. புரட்டின பக்கமாவே போடு. காய்ச்சலெண்டு சொல்லு.”

சனம் எழும்பி வழியை மறைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில், நான் புரட்டியிருந்த பச்சைக் கையைப் பழையபடி திருப்பி, அவனே என் கைகளைப் பிடித்து உள்ளே நுழைத்தான். முழங்கால்வரை தொங்கியது. பச்சை தெரிந்த கழுத்துப் பட்டையை உள்ளே மடித்து, என் இரட்டைப் பின்னலை எடுத்து முன்னால் விட்டான். கைகளை வெளியே நீட்டாதே என்றான். அவன் விரல்கள் ஈரமாக இருந்தன.

ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். அண்ணாவிலிருந்து என்னைப் பிரிக்கும் அந்த வெயில் படிந்த தார் றோட்டைப்போல அகலமான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. வரிசை நகர நகர முதுகில் வியர்வை ஓடியது.  அந்தப் பக்கம் ஒரு ஆமிக்காரன் அண்ணாவின் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, பிறகு அவன் முகத்தைப் பார்த்து, மறுபடியும் அட்டையைத் திருப்பினான். மற்றவர்களை விட்டுவிட்டான். அண்ணாவை ஒரு கரைக்கு ஒதுங்கி நிற்கச் சொன்னான்.

என் முறை வந்தது. பெண் பொலிஸ்காரி என் சொப்பிங் பையைப் பார்த்தாள், சித்திரக் கொப்பி மட்டும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

“மொக்கத நங்கி, சீதலத?”

என்ன தங்கச்சி, குளிருதா என்கிறாள். அவளுடைய சொந்த நெற்றியிலேயே வியர்வை நின்றது.

“உண மிஸ்” என்றேன். காய்ச்சல் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்.

உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தாள். சுட்டிருக்காது, நனைந்துதான் இருந்திருக்கும். அவள் புருவம் சுருங்கியது. “கலவன்ன” என்றாள். கழற்று. சொல்லிக்கொண்டே ஜக்கெட்டின் முன்பக்கத்தைப் பிடித்தாள்.

நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. வயிறு தானாகவே மேலே வந்தது. இரண்டு கிளாஸ் விளாம்பழ ஜூஸும் அவளுடைய கறுத்தச் சப்பாத்துக்கு ஒரு சாண் இப்பால் றோட்டில் கொட்டியது. “அய்யோ!” என்று துள்ளி விலகினாள். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒரேயடியாகக் கலைந்தார்கள். இரண்டாம் தடவையும் சத்தி எடுத்தேன். அவள் யாரிடமோ போத்தலை வாங்கி, என் பின்னலைப் பின்னால் பிடித்துக்கொண்டு, வாயைக் கழுவிவிட்டாள். யாரோடு வந்தாய் என்று கேட்டாள். கையை நீட்டாமல், நாடியால் அண்ணாவைக் காட்டினேன்.

அவள் றோட்டைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினாள்: “நங்கிட்ட அசனீப்பய்! யவன்ன!” தங்கச்சிக்குச் சுகமில்லை, அனுப்பு.

ஆமிக்காரன் உடனே அனுப்பவில்லை. அட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். றோட்டில் கிடந்ததைப் பார்த்தான். நான் உயிருள்ளவரை மறக்காத நேரம் அது. பிறகு அட்டையை நீட்டினான், அண்ணா எடுக்கும்போது ஒரு கணம் விடாமல் பிடித்திருந்து, விட்டான்.

திரும்பச் சத்தி எடுப்பதென்றால் ஏறவேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லி, கொண்டக்டர் எங்களைக் கழற்றிவிட்டுப் பஸ்ஸை எடுத்துவிட்டான். நடந்தோம். பம்பலப்பிட்டி முழுவதும், அந்த வெயிலில், அந்த ஜக்கெட்டோடு. கழற்ற ஓரிடமில்லை, நூறு மீற்றருக்கு ஒரு துப்பாக்கி நின்றது. அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் அடுத்த நாளும் அடையாளம் இருந்தது. 

அம்மா முதலில் உண்மையிலேயே காய்ச்சல் என்று பதறினா. அண்ணா கதவைப் பூட்டிவிட்டு ஜக்கெட்டைப் புரட்டிக் காட்டினான். அம்மா போய் யன்னல்களைச் சாத்தினா. வானொலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தா. அப்பா வேலையால் வந்ததும் சேட்டுக்கூட மாற்றாமல் கீழே உட்கார்ந்தார். எரித்தால் வீட்டுக்காரருக்கு மணக்கும், ஆகவே வெட்டுவோம் என்றார். அப்பா பெரிய கத்தரிக்கோலால், அம்மா சின்னதால். உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டுகளாக. ஒரு நாளைக்கு ஒரு பிடி, மீன் கழிவோடு பேப்பரில் சுற்றிக் குப்பைக்கு. ஒரு கிழமை எங்கள் வீட்டில் தினமும் மீன்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்குத் தைரியம் தந்தது. “நான் சத்தி எடுத்தபடியாலைதானே அண்ணாவை விட்டவங்கள்” என்றேன். “அவனை ஒரு கரையிலை நிப்பாட்டி வைச்சிருந்தவங்கள்.”

அப்பாவின் கத்தரிக்கோல் நின்றது. “கரையிலையோ?” என்று அண்ணாவைப் பார்த்துக் கேட்டார். “இதை நீ எனக்குச் சொல்லேல்லை.”

“விட்டவங்கள்தானே அப்பா.”

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து, கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டு, காலி வீதியில் இருந்த கொமினிகேஷன் கடைக்கு, வெளிநாட்டிலிருக்கும் பெரியப்பாவோடு தொலைபேசியில் பேசப் போய்விட்டார். ஊரில் யாரும் செத்தால்தான் பெரியப்பாவுக்கு அழைப்பெடுப்போம். என்னுடைய கெட்டித்தனத்தைச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்து, பெரியப்பா என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தார். வந்ததும் அண்ணாவிடம், “நாளைக்கே போய்ப் படம் எடு. பாஸ்போட் அளவிலை. ஆறு கொப்பி” என்றார். அண்ணா நிலத்தையே பார்த்துக்கொண்டு, ஓம் என்றான்.

“இந்தச் சேட்டோடையோ?” என்று நான் குறுக்கே விழுந்தேன். “கழுத்து நைஞ்சுபோச்சு. பொறுங்கோ, சனிக்கிழமை நான் ஒரு வெள்ளைச் சேட் எடுத்துத் தாறன். இந்த முறை ரெண்டு பக்கமும் பாப்பன். சத்தியமா!”

இப்போதாவது அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா வெட்டிய துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தா. என்னைப் பார்க்காமலேயே, “சேட் பேந்து பாப்பம்” என்றா. “கம்பளி கிடக்குமோ அங்கை? நல்ல மொத்தமா. கழுத்து மூடினது.”

அன்று யன்னல் சாத்திய அந்த அறையில் எங்கள் நாலு பேருக்கும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இந்த வெக்கைக்குக் கம்பளி யாருக்கு, எதற்கு என்று எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. ஆனால் அம்மாவே வாய்விட்டுக் கேட்டிருக்கிறா, கேள்வி கேட்டுக் கெடுப்பேனா? சனிக்கிழமை முதல் பேலை அறுக்கும் நேரத்துக்கே போய் நிற்பது, மற்ற எதிலும் கைவைக்காமல் கம்பளியைத்தான் முதலில் தேடுவது, அண்ணாவின் அளவுக்கு, இருப்பதிலேயே தடிப்பானதாக ஒன்று எடுத்துக்கொண்டுதான் திரும்புவது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.