ஒடுக்கெடுத்த தலைக்கவசம்

என் அக்காவின் கணவர் பர்மாச் சண்டையில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தவை இரண்டு: மலேரியாவும் ஓர் இரும்புத் தலைக்கவசமும். மலேரியாவை யாரும் கேட்கவில்லை. தலைக்கவசத்தை, எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலைக்காரர்கள் கேட்டார்கள். மியூசியம் திறக்கிறார்களாம்.

அதன் இடப்பக்கத்தில் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஓர் ஒடுக்கு. குண்டுச் சிதறல் பட்ட இடம். மச்சான் போர்க்கதை சொல்லத் தெரியாதவர். யாராவது கேட்டால் அந்த ஒடுக்கைக் காட்டுவார். அவர் அங்கே இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

திறப்பு விழாவன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சையாக ஏதோ பளபளத்தது. தர்ப்பூசணி என்றே நினைத்தேன்.

"ஏனுங்க, இது என்னுதுங்களா?" என்றார் மச்சான்.

வாசகசாலைச் செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "பொள்ளாச்சியில பஸ் பாடி கட்டற பட்டறைக்கு அனுப்பி, ஒடுக்கெடுத்து எனாமல் அடிச்சாச்சுங்க. பெரிய மனுசங்க வர்ற எடத்துல ஒடுங்குனத வெக்க முடியுங்களா?"

"அந்த ஒடுக்குக்காகத்தானே குடுத்தேன்!"

"அட நீங்க ஒண்ணு! செலவு நம்முளுதுங்க."

அத்தனை வருடம் நான் படித்த புத்தகங்களில் அந்த ஆளைத் திட்ட ஒரு வசவு அகப்படவில்லை. அவற்றை வாங்கின காசு தண்டம். உடைந்ததை உடைந்தபடி வைப்பதற்குத்தான் மியூசியம், ஒரு பழம்பானை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கத்தினேன்.

"கிடைச்சுதுங்க. சிமெண்ட் வெச்சுப் பூசீட்டோம்."

ரிப்பன் வெட்ட வந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லையே, சண்டைக்குப் போனதுதானா என்று மலையாளத்தில் மச்சானிடமே கேட்டார்.

"இல்லீங்க," என்றார் மச்சான். "இது போன வாரம் பொள்ளாச்சியில செஞ்சது."

அதிகாரி சிரித்தார். அதனால் எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. செயலாளரிடம் திரும்பி, "பெட்டி மேல எம் பேரு ஒட்டியிருக்குதுங்க. எடுத்துருங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பெயரை எடுக்கக் கமிட்டி கூடவேண்டுமாம். ஒடுக்கை எடுக்க எந்தக் கமிட்டி கூடியதோ! அட்டையை நானே பிடித்து இழுத்தேன். என் வீரத்தைவிடப் பசை பலமாக இருந்தது, பாதிதான் வந்தது. மச்சானின் இனிஷியல் இன்னமும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறு யாருடைய தலைக்கவசத்துக்கோ.