துப்பட்டாவில் முடிந்த பதினோரு சாவிகள்

டீசல் புகை, அதோடு கடல் உப்பு, அதற்கு மேல் டிரெய்லர் நிழலில் யாரோ ஸ்டவ் பற்ற வைத்துக் கொதிக்கவிடும் மீன் குழம்பு... எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டின் மத்தியானம் எனக்கு இன்னும் அந்த வாசனையில்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அங்கே அந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் அந்த ரோட்டில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போக ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள்.

சேர்ந்த இரண்டாவது வாரம் வரிசையைப் பார்க்கப் போனேன். எங்கள் வண்டிகளில் பதினொன்றில் ஆள் இல்லை. சாவி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வண்டியில் சாவி இருக்கக் கூடாது என்று டிரெய்னிங்கில் படித்திருந்தேன். வந்ததே கோபம்... பதினொன்றையும் உருவி, துப்பட்டாவில் முடிந்துகொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டேன். டிரைவர்கள் வந்து கேட்கட்டும் என்று பெருமையாக ஒரு டீ வேறு.

அரை மணி நேரத்தில் கஜா அண்ணன் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்தார். அந்த வரிசையில் பின்னால் நின்ற குளிர்பதன கண்டெய்னருக்கு அவர்தான் டிரைவர்.

"இன்னாம்மா, சாவியெல்லாம் நீயா எத்துகினு வந்த?"

"ரூல் அண்ணா."

"ரூலு சரிம்மா. ஒருத்தன் துன்ன போனா, பின்னாடி கீறவன் ரெண்டு வண்டியையும் நவுத்துவான். அதுக்குத்தான் சாவிய வுட்டுட்டு போறது. இப்ப லைனே நின்னு பூச்சு. என் வண்டில இறா கீது. நாலு மணிக்கு ஹார்பர் கேட்ட மூடிட்டா கப்பலு பூடும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. என் வேலை அதுவரைகூடத் தாங்காது.

ஓடினோம். போன பிறகுதான் உறைத்தது... எந்தச் சாவி எந்த வண்டிக்கு என்று எனக்குத் தெரியாது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. சுற்றி நின்ற டிரைவர்களிடம், "தப்பு என்னுதுதான், எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன்.

துப்பட்டாவை ரோட்டிலேயே விரித்தேன். மாதா படம் கோத்தது, மஞ்சள் கயிறு கட்டியது, பிளாஸ்டிக் மீன் தொங்கியது... ஒவ்வொருவரும் தன் சாவியை எடுத்தார். சாப்பிடப் போய் இன்னும் வராதவர்களின் சாவியைப் பின்வண்டிக்காரர்கள் பார்த்தவுடன் எடுத்தார்கள். முன்னால் நிற்பவனின் சாவி அவ்வளவு பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

இறால் வண்டி மூன்று ஐம்பதுக்கு கேட்டுக்குள் போனது.

இன்று ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியை நடத்துகிறேன். கல்லூரிகளில் தலைமைப் பண்பு பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். இதைத்தான் சொல்கிறேன். ஓர் இடத்துக்குப் புது விதி கொண்டு போகும் முன், அங்கே ஏற்கெனவே என்ன விதி ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். எழுதி வைக்காத விதியை மதிக்கத் தெரியாதவர் எழுதும் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இப்போது எந்த வண்டி எப்போது துறைமுகத்துக்குள் போகலாம் என்று ஆப்பில் நேரம் வந்துவிடுகிறது. எங்கள் டிரைவர்களுக்குக் குளிக்க, படுக்க இடம் இருக்கிறது. அதற்குச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வரிசை குறைந்ததும் பழக்கமும் குறைந்துவிட்டது. முன்னால் நிற்பவர் பேர்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

போன வாரம் மீஞ்சூர் யார்டில் ஆளில்லாத டிரெய்லர் ஒன்றில் சாவி தொங்கியது. கூட வந்த புது மேனேஜர் சட்டென்று கை நீட்டினார். பின்வண்டியிலிருந்து ஒரு குரல்.

"இருக்கட்டும் சார். அண்ணன் துன்ன போய்க்கீறாரு. நான் பாத்துக்குறேன்."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார்.

"கையை எடுங்க" என்றேன்.