கூடத்தில் காய்ந்த சோளம்

விடாத மழையில் மலேசியாவின் கிள்ளான் நகரத் தீவனக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து ஓரம் இராஜம்மா வைத்திருந்த பன்றிக் கொட்டகையில் தீவனம் அடிமூட்டைக்கு வந்துவிட்டது. வளர்கிற பன்றி பட்டினி கிடந்தால், பிறகு எவ்வளவு போட்டாலும் தேறாது. சீனப் பெருநாளுக்குப் பன்றி கேட்டிருந்த வியாபாரியும் வேறு இடம் போய்விடுவார்.

கணவரின் தம்பி சபாபதி லோரி நிறைய மக்காச்சோளத்தோடு வந்தான். கிடங்கொன்றின் கூரை பறந்து நனைந்த சரக்கு. அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். மறுபடி மழை வருமென்று, குவித்துத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினான். அன்று இராஜம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

காலையில் வந்தவள் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டாள். காய்ச்சல்காரரின் அக்குள் போலச் சுட்டது. வெளியே வந்த பிடியில் பூஞ்சை நாற்றம்.

"ஈரத்தை யாருடா மூடி வைக்கச் சொன்னது?"

"மழை வந்துச்சு அண்ணி. பன்னிதானே லா, எதையும் திங்கும்."

"உன்னை மாதிரியா? போய் கூடத்துல இருக்கிற சோஃபாவைத் தூக்கி வெளிய போடு. இதைக் காய வைக்கணும்."

நடுக்குவியலை முழுக்க ஒதுக்கினாள். ஓரத்துச் சோளம் முளைவிட்டிருந்தது, ஆனால் பூஞ்சை தொடவில்லை. அதை வீட்டுக் கூடத்தில் பரப்பி, இருந்த விசிறிகளையெல்லாம் ஓடவிட்டாள். சாமி படத்துக்கு முன்னால் மட்டும் கால் வைக்க இடம் விட்டாள். இருவரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள்.

காய்ந்ததை அரைத்து, மீதித் தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்தாள். சினைப் பன்றிக்கு ஒரு மணிகூடக் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இல்லத்தில் புதுக் கஞ்சி வந்தால் பெரியவர்களுக்கு இரண்டு கரண்டி கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அவள் வழக்கம். இங்கும் மூன்று பன்றிகளை மட்டும் தனியே அடைத்து வைத்துக் கொடுத்தாள். இரண்டு தின்றன. மூன்றாவது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அதற்குப் பசியில்லை என்றான் சபாபதி. இராஜம்மா அந்தத் தொட்டிக்கு அரைக்க எடுத்த மூட்டையில் மிச்சமிருந்ததைக் கவிழ்த்துத் துழாவினாள். அடியில் பூஞ்சை மணிகள். அவன் பொறுக்கிய மூட்டை.

"கண்ணாடி எங்கடா?"

"லோரியில."

"எடுத்து மாட்டிட்டு வா. முதல்லேருந்து பொறுக்கணும்."

கூடத்துச் சோளம் முழுவதையும் மறுபடி பொறுக்கினார்கள். புதிதாக அரைத்ததை வைத்தபோது, முகம் திருப்பியதுதான் முதலில் மூக்கை நுழைத்தது. மறுநாளும் வாந்தியில்லை, கழிச்சலில்லை. அதன் பிறகே மற்றவற்றின் தொட்டியில் கலந்தாள். தீவனக் கடை திறக்கும்வரை ஒன்றுகூட இளைக்கவில்லை.

ஒதுக்கிய குவியலைப் பக்கத்துக் கம்பத்து வீடுகளில் வளர்க்கும் வாத்துகளுக்குக் கொடுக்கலாமே என்றான் சபாபதி. இராஜம்மா குழி வெட்ட மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.