மூன்று மாதச் சராசரி

2024 நவம்பர் 23, சனிக்கிழமை. எழுந்ததும் வழக்கப்படி ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்கின்றனவா என்று பார்த்தேன். டெல்லியின் நவம்பர்ப் புகை குறையவில்லை, எதிர் பிளாக்கின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. பால் பாக்கெட்டுகளை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அடுப்பை மட்டும் பற்றவைக்கவில்லை. அன்று என் கணவருக்கு வருடாந்திர ரத்தப் பரிசோதனை. அவர் வெறும் வயிற்றோடு இருக்கும்போது நானும் காப்பி போடுவதில்லை. டிகாக்ஷன் வாசனை எழுந்தால் அவருடைய உறுதி கலைந்துவிடும்.

என் கணவர் கணக்குத் துறை அதிகாரி. கோயம்புத்தூரிலிருந்து கிளார்க்காக டெல்லிக்கு வந்து, இலாகாத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறி மேலே வந்தவர். எதிலும் தோற்றதில்லை. அதற்குக் காரணம் கடைசிப் பதினைந்து நாள் படிப்பு என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. நாற்பது வயதுக்கு மேல் வருடம் ஒரு முறை என்று அலுவலகத்தில் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னபோது, அதையும் இலாகாத் தேர்வுகளின் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டார்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்பு சர்க்கரை டப்பா மேல் தட்டுக்கு ஏறும். பாகற்காய் வந்து இறங்கும். இரவில் இரண்டே சப்பாத்தி. பிறகு நடை. இந்த வருடம் வெளியே மூச்சுவிட முடியாததால் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியே நடந்தார். மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, இரவெல்லாம் யாரோ உலாத்துகிறார்களே, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று இந்தியில் விசாரித்தார்.

ரிசல்ட் எப்போதும் பிரமாதமாக வரும். டிஸ்பென்சரி டாக்டர் பாராட்டுவார். அன்று மாலையே சரோஜினி நகர் மார்க்கெட்டில் சுடச்சுட ஜிலேபி. மேல்வீட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரும் கணக்குத் துறைதான், அவருக்கும் இதே பாடத்திட்டம். ரிசல்ட் வந்ததும் இரண்டு பேரும் ஃபோனில் மார்க்கைச் சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைகள் படித்த காலத்தில்கூட இவ்வளவு போட்டி இருந்ததில்லை.

நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் என் மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை ஐம்பத்து நான்கு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் காலில் ஒரு விரலை எடுக்கவேண்டி வந்துவிட்டது. என் கணவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று. பதினைந்து நாள் ஒழுங்காக இருக்கும் மனிதரின் சர்க்கரை அளவு எனக்குத் தெரியும். மீதி நாள் என்னோடு குடித்தனம் செய்பவருடையதுதான் தெரியாது. அதனால் இந்த முறை பரிசோதனைச் சீட்டில் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கும்படி டாக்டரிடம் சொல்லியிருந்தேன். மறைக்கவில்லை, அவர் கேட்கவில்லை.

லேபில் ரத்தம் எடுத்த பெண் ஒரு குழாயை நிரப்பிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். இது எதற்கு என்று கேட்டார். போன மூன்று மாதத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று இதில் தெரிந்துவிடும் அங்கிள்ஜி என்றாள் அவள், பஞ்சை அழுத்திக்கொண்டே. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது சிலபஸ்லயே இல்லையேம்மா."

"வருசம் பூரா நடத்துன பாடந்தானுங்க," என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆகஸ்ட் கடைசியில் கிருஷ்ண ஜெயந்தி, வெல்லச் சீடை. செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்தி, கொழுக்கட்டை. அக்டோபரில் நவராத்திரி. சுண்டல் கணக்கில் வராதில்லையா என்று கேட்டார். சுண்டல் வராது, கொலு வைத்த வீடுகளில் நீங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பாயசம் வரும் என்றேன். மாத முடிவில் தீபாவளி. அலுவலகத்திலிருந்து வந்த காஜு கத்லிப் பெட்டிகளை அவர் எண்ணவே இல்லை. விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, இந்தப் பரிசோதனையை ஜூலையில் வைத்திருக்கக் கூடாதா என்று மட்டும் ஆற்றாமையோடு கேட்டார்.

மாலையில் ரிசல்ட் ஃபோனுக்கு வந்தது. வெறும் வயிற்றில் தொண்ணூற்று நான்கு. பிரமாதம். மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி மூன்று. ஆறரையைத் தொட்டால் சர்க்கரை நோய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுக்காரரின் ஃபோன். என் கணவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"என்ன அண்ணாச்சி, மார்க்கு வந்துட்டா? எனக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்லா. நேத்துதான் பாவக்கா ஆரம்பிச்சிருக்கேன்."

தொண்ணூற்று நான்கு என்றார் இவர். அங்கே ஒரு பெருமூச்சு கேட்டது. அதோடு வைத்துவிடலாம், சொன்னது பொய்யும் இல்லை. இவர் வைக்கவில்லை.

"அச்சா, கேளு. இன்னொண்ணு இருக்குது. மூணு மாச சராசரி. அதுல ஆறு புள்ளி மூணு. தலைக்கு மேல வந்து நின்னுட்டிருக்குது."

மேல்வீட்டுக்காரர் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார், "அதுக்கு எத்தன நாளைக்கு முன்னாடி அண்ணாச்சி ஆரம்பிக்கணும்?"

"அதாம்ப்பா, ஆரம்பிக்கவே முடியாது. நாம திங்கத் திங்க அதுபாட்டுக்கு எழுதிட்டே இருந்திருக்குது."

ஃபோனை வைத்துவிட்டு, சப்ளிமென்டரி எப்போது என்று என்னிடம் கேட்டார். திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்போம், அடுத்த பரிசோதனை பிப்ரவரியில் இருக்கும், தயாரிப்பு இன்று இரவிலிருந்தே என்றேன். தலையாட்டினார். இரவு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். தேர்வு முடிந்த அன்று அவர் இரண்டோடு நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாகக் கதவைத் திறக்கவேண்டியிருந்தது. மணி அடித்தவர் மேல்வீட்டுக்காரர். சவரம் செய்யாத முகம், கழுத்தில் மஃப்ளர்.

"மைனி, பச்சத் தண்ணி குடிக்கல. அண்ணாச்சி எந்திரிச்சாச்சா? அந்த லேபு எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. பாவக்கா ரெண்டு நாள்தான் ஆச்சி, இப்ப போனாத்தான் உள்ளது தெரியும்."

என் கணவர் ஏற்கனவே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தார்.